அட்டைக்குக் காசு கட்டாதீர்கள் டீச்சர்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை. போக்சோ வழக்குகளில் நீதிமன்றம் வரும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க ஆசை. சட்டம் படித்ததில்லை. குழந்தைகள் உரிமை அமைப்பு ஒன்றின் மாவட்டச் செயலாளர் என்று சொல்லும் ஒருவர், 7,500 ரூபாய் கட்டினால் பயிற்சியும் அடையாள அட்டையும் தருவாராம். அது இருந்தால்தான் கோர்ட்டுக்குள் விடுவார்களாம். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கு 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளிலேயே இடம் இருக்கிறது. 'ஆதரவு நபர்' என்பார்கள்; அலுவலகத்தில் சப்போர்ட் பர்சன் என்று கேளுங்கள். அவரை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு என்ற அரசு அமைப்பு. பிள்ளையும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். நடுவில் எந்தச் செயலாளருக்கும் வேலை இல்லை.

கார் கண்ணாடியில் 'மனித உரிமை' ஸ்டிக்கர், கழுத்தில் அரசு முத்திரை போலவே ஒன்று அச்சடித்த அட்டை. இந்தக் கூட்டத்தை நீதிமன்ற வளாகங்களில் நிறையப் பார்த்தாயிற்று. உங்கள் பணத்தோடு போனால்கூடத் தொலையட்டும் என்று விடலாம். அதே அட்டையைக் காட்டிப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைகிறார்கள். 'இழப்பீடு வாங்கித் தருகிறோம், அதில் பங்கு கொடுங்கள்' என்பது முதல் தூண்டில். இழப்பீட்டுக்கு உத்தரவிடுவது சிறப்பு நீதிமன்றம். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். மனுப்போட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும்.

அடுத்தது இன்னும் மோசம். வராந்தாவில் நிற்கும் அப்பாவை ஓரமாக அழைத்துப் போய், கையில் டீயைக் கொடுத்து, "பொம்பளப் புள்ள எதிர்காலம்ணே, பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். போக்சோவில் பேசி முடிக்க இடமே கிடையாது. பிள்ளை முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சி ஆகும், குற்றம் செய்தவன் வெளியே வருவான், நடுவில் நின்றவருக்குக் கமிஷன் போகும்.

சட்டப் படிப்பு இல்லையே என்ற கவலை வேண்டாம். வாதாட அரசு வழக்கறிஞர் இருக்கிறார். வாய்தா எப்போது, ஏன் தள்ளிப்போனது, இன்று என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதும், சாட்சி சொல்லும்போது கூட இருப்பதும்தான் உங்கள் வேலை. எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. ஆனால் அதற்கென்று வாங்கிய திரை சில இடங்களில் மூலையில் மடித்துக் கிடக்கும். விரிக்கச் சொல்லி அரசு வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள். பதில் மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் தலையாட்டினால்கூடச் சொல்லிக் கொடுத்ததாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆசிரியை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பிள்ளை நடந்ததை முதலில் உங்களிடமே சொல்லியிருந்தால், அந்த வழக்கில் ஆதரவு நபராகாதீர்கள். போலீஸ் உங்களைச் சாட்சியாகச் சேர்க்கும். இன்னொரு சாட்சி பேசும்போது உள்ளே உட்கார்ந்திருந்த சாட்சி என்று எதிர்த்தரப்பு உங்களைக் கிழித்துவிடும், நஷ்டம் பிள்ளைக்கு. அதே பள்ளியின் வேறொரு பிள்ளை என்றால் தடையில்லை. உங்களிடம் சொல்லாமல் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் சொல்லியிருந்தாலும் தடையில்லை. உங்கள் காதுக்கு முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி.

ஆதரவு நபருக்கான தகுதி இதுதான்: முதுகலைப் பட்டம் சமூகப் பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அல்லது ஏதாவது பட்டத்தோடு குழந்தைக் கல்வி அல்லது பாதுகாப்பில் 3 ஆண்டு அனுபவம் போதும். உங்களிடம் இரண்டாவது இருக்கிறது. திறன்மிகு தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி அளவில் ஊதியம் என்று விதியே சொல்கிறது. அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். பிள்ளையின் சாட்சியம் 30 நாளில், விசாரணை கூடியவரை ஓராண்டில் என்று போக்சோ சட்டத்தின் 35-ஆம் பிரிவும்தான் சொல்கிறது, நடக்கிறதா! ஆதரவு நபர் கிடைப்பார் என்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்ன பிறகும், அப்படி ஒருவர் உண்டென்றே தெரியாமல் கூண்டுவரை வந்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன டீ வருகிறது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பட்டச் சான்று, பணிச் சான்று இரண்டின் நகலோடு போய் எழுத்தில் மனுக் கொடுங்கள். மனுப் பெற்றதற்கு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். அந்தச் செயலாளர் அனுப்பிய வாட்ஸப் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, அதையும் அங்கேயே காட்டுங்கள்.