பெங்களூரு மெஜஸ்டிக்கில் ஆயிரம் ரூபாய்க்குள் லாட்ஜ் எடுத்து அம்மாவுடன் ஒரு நாள் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். ஈரோட்டிலிருந்து துண்டு, லுங்கி சாம்பிள் மூட்டையோடு சிக்பேட் மொத்தக் கடைகளுக்கு மாதம் இரண்டு முறை போகிறவன் நான். பதினோரு வருடமாக மெஜஸ்டிக் லாட்ஜ்களில்தான் தங்கல். நீங்கள் காலை ரயிலில் இறங்கி, பகலில் கல்யாணப் புடவை எடுத்துவிட்டு, இரவு ரயிலில் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இந்த மெஜஸ்டிக் வட்டாரம்தான் சரி. ஆனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், செக்அவுட் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவை நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் காட்டப் போனபோதுதான் இது எனக்கு உறைத்தது. வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் இடம் இல்லை என்றார்கள். போட்டோ நன்றாக இருந்ததே என்று ஒரு செயலியில் வேறு லாட்ஜைப் பதிவு செய்துவிட்டேன். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வந்து, காலை ஏழு மணிக்கு வரவேற்பு மேஜை முன்னால் நிற்கிறோம். "செக்இன் பன்னெண்டு மணிக்குத்தான் சார். இப்பவே வேணும்னா நேத்து வாடகையும் சேர்த்துக் கொடுங்க" என்றார் மேஜையில் இருந்தவர். பதிவு செய்யும்போது அதை நான் படிக்கவில்லை என்பது உண்மைதான். அம்மா அந்த ரெக்ஸின் சோபாவின் ஓரத்தில், மாற்றுப் புடவை வைத்த மஞ்சப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்கு மாடிப்படிக்கு அடியில் கை காட்டினார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அம்மா வெளியே வரும் வரை நான் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த எழுபது வயது மனுஷிக்கு முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர்கூட ஏற்பாடு செய்யாமல் கூட்டி வந்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கணக்கு இதுதான். பன்னிரண்டு மணி செக்அவுட் என்றால், காலை ஏழு மணிக்கு எடுத்த அறைக்கு மதியமே ஒரு நாள் முடிந்துவிடும். அதற்குமேல் இருந்தால் இன்னொரு வாடகை. இருபத்து நான்கு மணி நேர செக்அவுட் என்றால், நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். காலை ஏழுக்குக் குளித்து, பகலில் வேலை முடித்து, மத்தியானம் வந்து அம்மா கால் நீட்டிப் படுத்து, இரவு ரயிலுக்குக் கிளம்பும் வரை அறை உங்களுடையது. மெஜஸ்டிக்கில் இப்படிப்பட்ட லாட்ஜ்கள் நிறைய உண்டு, வாசல் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தாலும் ஒரு தடவை வாயால் கேட்டு, ரசீதில் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

சரி, எங்கே தேடுவது? ரயில் நிலையத்துக்கு எதிரே கெம்பேகௌடா பஸ் நிலையம், அதைத் தாண்டினால் காந்தி நகர், சுபேதார் சத்திரம் ரோடு. ஸ்டேஷன் எதிரில் ஓடும் சாலைக்குக் குப்பி தோட்டதப்பா பெயர். வழிப்போக்கர்கள் தங்க அவர் கட்டிய சத்திரம் 1903-இல் திறந்தது. சத்திரம் என்ற சொல்லே தெருப் பெயராக நிற்கிற வட்டாரம் இது. வெளியூர்க்காரனுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர்ப்பகுதி என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம். பிரதான சாலையை ஒட்டிய லாட்ஜாக எடுங்கள். இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துகளில் நடக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் தமிழிலேயே "ரூம் வேணுமா சார்" என்று கூடவே நடந்து வருபவரோடு போகாதீர்கள், அவருடைய கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

பணம் கொடுக்கும் முன் அறையைப் பார்க்க வேண்டும். "ஒந்து சல நோடபஹுதா?" (ஒரு தடவை பார்க்கலாமா?) என்று கன்னடத்தில் கேளுங்கள், ரூம் பையன் சாவியோடு வருவான். தமிழில் கேட்டாலும் முக்கால்வாசி இடங்களில் புரியும். உள்ளே போனதும் நான் முதலில் மெத்தையைப் பார்ப்பதில்லை. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டு ஒரு இழு இழுப்பேன். அடுத்து பாத்ரூம் தாழ்ப்பாள். அப்புறம் குழாயைத் திறந்து வாளியில் கால்வாசி பிடித்துப் பார்ப்பேன். நிறமும் தெரியும், வேகமும் தெரியும். விரிப்பையும் தலையணை உறையையும் தூக்கிப் பார்த்து, கூச்சமில்லாமல் மாற்றச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். ஜன்னல் இருக்கிறது என்பார்கள், திரையை விலக்கினால் அடுத்த சுவர் இருக்கும். பகலில் மட்டும் தங்குவதற்கு அது பரவாயில்லை, ஆனால் ஈர வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள். "பிஸி நீரு எஷ்டு கண்டே வரெகே?" என்று வெந்நீர் எத்தனை மணி வரை என்பதையும் விசாரித்துவிடுங்கள். பல லாட்ஜில் காலை சில மணி நேரம்தான் வரும். ஏழு மணிக்குச் சாவி வாங்கினால் முதல் வேலை அம்மாவுக்குக் குளியல்.

லிப்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதல் மாடிக்கு மேல் வேண்டாம்.

ஆதார் இரண்டு பேருக்கும் கேட்பார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரின் நகல் கையில் இருந்தால் நல்லது. பெங்களூர் முகவரி உள்ள அடையாள அட்டைக்கு அறை தர மாட்டோம் என்று சில இடங்களில் சொல்வார்கள், எனவே அங்கே வேலை பார்ப்பதாக நீங்கள் எழுதிய உங்கள் தம்பி பெயரில் எடுக்க வேண்டாம். வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஜூலை வரை ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அப்புறம் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இன்னமும் 12 போட்டால் கேளுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிடும் தர்ஷினிகள் உண்டு. அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டும் என்றால் இட்லியை அறைக்குப் பார்சல் வாங்கிவிடுங்கள். சாம்பார் இனிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிக்பேட்டுக்கு மெட்ரோ பச்சை வழித்தடத்தில் ஒரே ஒரு நிலையம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது நிம்ஹான்ஸுக்கோ கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவர்களாக இருந்தால், மெஜஸ்டிக் வேண்டாம். இரண்டும் பக்கம் பக்கமாக ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கின்றன. வில்சன் கார்டன், சித்தாப்புரா பக்கம் தங்கினால் நோயாளிக்கு அலைச்சல் குறையும். அடுத்த தடவை அம்மாவை நான் அங்கேதான் தங்க வைத்தேன். போவதற்கு முந்தின நாளே போன் செய்து, காலை ஆறு மணிக்கு வருவோம், சாவி தருவீர்களா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். தந்தார்கள். அம்மா குளித்துப் புடவை மாற்றி, தலைமுடி ஈரத்தோடு டாக்டரைப் பார்க்க வந்தார்.