கீரையில் குத்தும் ஊசியும் பாலில் முக்கும் பட்டையும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உணவில் விஷம் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றியவை. ஏதோ ஆஃபர் போட்டிருக்கிறார்கள் போல.

கேள்வி: காய்கறியில் ஊசியைக் குத்தினால் பூச்சிமருந்து இருக்கிறதா என்று சொல்லும் கருவியை ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக் கீரைக்குச் சிவப்பு விளக்கு. பீட்ரூட்டுக்கும் சிவப்பு. மருந்தே அடிக்காமல் மாடியில் நான் வளர்த்த கீரைக்கும் சிவப்பு. கருவி பழுதா? (திருச்சி வாசகர்)

பதில்: பழுதில்லை, அது அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு நானும் இதே மாதிரி ஒன்றை 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த ஊசி அளப்பது காயின் சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை வைத்து நைட்ரேட் (செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு உப்பு) இவ்வளவு இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு. கீரையிலும் பீட்ரூட்டிலும் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். பூச்சிமருந்து எச்சமோ கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இருப்பது. அது இந்த ஊசியின் கண்ணில் படவே படாது.

ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிக் குத்திப் பார்த்தேன், பச்சை. அதே துண்டில் உப்பு தடவி பத்து நிமிடம் கழித்துக் குத்தினேன், சிவப்பு விளக்கோடு பீப் பீப் என்று அலறியது. என் மனைவி எட்டிப் பார்த்து, “உப்பு போட்டா உப்பா இருக்கும்னு சொல்ல நாலாயிரமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கருவி இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது.

விளம்பரத்தில் ‘பூச்சிமருந்து’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் 40 காட்டுகிறது. தண்ணீர் சுத்தம்தானே?

பதில்: தண்ணீரில் கரைந்த உப்பு குறைவு, அவ்வளவுதான் மீட்டர் சொல்வது. கிருமி இருக்கிறதா என்பது மீட்டருக்குத் தெரியாது.

கேள்வி: மீன் கெடாமல் இருக்கக் கலக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பார்க்கும் பட்டை பாதி விலைக்குக் கிடைத்தது. தேதி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தேய்த்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. மீன் ஃபிரெஷ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: காலாவதியான பட்டையை வைத்து மீனின் வயதைப் பார்த்தீர்களா! நல்ல பட்டையாகவே இருந்தாலும் அது சொல்வது ஃபார்மலின் இருக்கிறதா என்பதைத்தான், மீன் எப்போது பிடித்தது என்று சொல்லாது. கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பட்டை உருவாக்கியபோது ஃபார்மலினுக்குத் தனி, அமோனியாவுக்குத் தனி என்றுதான் செய்தது. ஃபிரெஷ்ஷா என்று தெரிய வேண்டுமானால் செவுளைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே சொட்டில் பாலில் உள்ள எல்லாக் கலப்படத்தையும் காட்டும் பாலிமர் சென்சார் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் பார்த்து, 2,500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். நல்ல பொருளா?

பதில்: கட்டிவிட்டு அப்புறம் கேட்கிறீர்கள். ‘எல்லா’ என்ற சொல்லைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும்.

பாலிமர் சென்சார் என்பது பொய்யில்லை. சோப்பில் சாவியை அமுக்கிக் கள்ளச்சாவி செய்வார்களே, அந்த வித்தைதான். பிடிக்க வேண்டிய மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை இறுக விட்டு, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுவார்கள். அதன் உருவத்தில் குழிகள் மிஞ்சும். பாலில் அதே ஆள் மறுபடி வந்தால் குழியில் போய் உட்காருவான், மின்னோட்டம் மாறும், மாட்டிக்கொள்வான். ஆனால் மெலமைனுக்கு (பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம்) செய்த குழி மெலமைனுக்குத்தான். யூரியாவுக்கு வேறு அச்சு, சோப்புத்தூளுக்கு வேறு வழி.

2008-ல் சீனாவில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்க அங்கே நைட்ரஜனைத்தான் அளந்தார்கள். தண்ணீர் ஊற்றிய பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைனைப் போட்டார்கள், சோதனையில் பால் பாஸ். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். சோதனை என்ன கேட்கும் என்பது நம்மைவிடக் கலப்படக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊருக்கு வாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-ல் அஃப்லடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது; அதில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். இதை யாரும் கலப்பதில்லை. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்றால் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். உங்கள் வாட்ஸ்அப் வியாபாரியிடம் கேளுங்கள்: எந்தப் பொருளை, எந்த உணவில், குறைந்தது எவ்வளவு இருந்தால் காட்டும்? எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: தெருமுனைக் கடை மிளகாய்த்தூள்மேல் சந்தேகம். என்ன கருவி வாங்கலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். வாங்கும்போதே “இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி ஆய்வுக்குக் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆய்வில் பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்ப வரும்.

கேள்வி: பால் வாங்கித் தயிர் போட்டு விற்றுப் பிழைக்கிறேன். யூரியாவைக் காட்டும் என்று 32,000 ரூபாய்க்கு ஒரு சென்சார் கருவியைத் தலையில் கட்டினார்கள். நானே கொஞ்சம் யூரியா கலந்து பார்த்தேன், காட்டவில்லை. கேட்டால், “வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்கிறார்கள். (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: அம்மா, உங்களை மிரட்டுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலில் பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்கோ, பிழைப்பைத் தாண்டிய வியாபார நோக்கத்துக்கோ வாங்கினால்தான் அவர்கள் சொல்வது செல்லும். நீங்கள் கருவியை விற்கவில்லை, பிழைப்புக்குத் தயிர் விற்கிறீர்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

யூரியா கலந்து பார்த்தீர்களே, படித்த நானே வெள்ளரிக்காயோடு நின்றுவிட்டேன். அதை இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு டம்ளரில் நல்ல பால், இன்னொன்றில் கலந்த பால், பக்கத்தில் பில். ஒரே வீடியோவில் மூன்றும் தெரியட்டும். எடுத்து முடித்ததும் கலந்த பாலை மாடு கன்று எதுவும் வாய் வைக்காதபடி கொட்டிவிடுங்கள். சர்வீஸ் என்று யாராவது வந்தால், ரசீது எழுதித் தராமல் கருவியைத் தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள்.