தீர்ந்துபோகும் டிஜிட்டல் கேம்கள்

கேள்வி: தள்ளுபடி விற்பனையில் வீடியோ கேம் ஒன்றை வாங்க முயன்றபோது, 'இருப்பு தீர்ந்துவிட்டது' என்று திரையில் வந்தது. பதிவிறக்கம் செய்யும் கேமுக்கு ஏது இருப்பு? இது வியாபாரத் தந்திரம்தானே?

பதில்: தீர்ந்தது கேம் அல்ல, அதைத் திறக்கும் ஆக்டிவேஷன் கீ. எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் கீக்களைப் பல இணையக் கடைகள் வெளியீட்டாளரிடமிருந்து மொத்தமாகப் பெற்று விற்கின்றன. ஒரு கீயை ஒரு கணக்கில் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், கைவசம் இருப்பவை முடிந்ததும், அடுத்த தொகுப்பு வரும்வரை கடை கையை விரிக்க வேண்டியதுதான். ஆனால், புதிய கீயை உருவாக்க அச்சுச் செலவோ போக்குவரத்துச் செலவோ இல்லை. குறைந்த விலைக்கு எத்தனை கீக்களை விடுவது என்பது பெரும்பாலும் விற்பவர்கள் தரப்பின் முடிவே என்பதால், உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், தள்ளுபடி கைநழுவுவதைவிட அவசரத்தில் வாங்குவதே பெரிய நஷ்டம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் நேரடியாக வாங்கிய கேமை, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பொதுவாகத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. சில கீக்கள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே செயல்படும். தனிநபர்கள் மறுவிற்பனை செய்யும் சந்தைகளிலோ, திருட்டு அட்டையில் வாங்கப்பட்ட கீ பின்னர் ரத்தாகி, கேம் உங்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படவும் கூடும்.