சான்றுகளைச் சேர்த்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த சுமார் 400 பிடிஎஃப் கோப்புகளை, மேற்கோள் விவரங்களைச் சேமித்துத் துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் ஸோட்டெரோ மென்பொருளுக்குள் ஒரே நாளில் இழுத்துப் போட்டேன். பாதிக்கு ஆசிரியர் பெயரே வரவில்லை. சிலவற்றுக்கு ‘ஸ்கேன்0012’ என்பதே தலைப்பாக நிற்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் கையாலேயே உள்ளிட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். தட்டச்சுப் பிழைகள் புதிதாகச் சேரும் என்பதைத் தவிர அதில் பெரிய பலன் இல்லை.

பிடிஎஃப் கோப்பை உள்ளே போட்டதும் மென்பொருள் அதன் முதல் சில பக்கங்களின் எழுத்துகளைப் படித்து, அங்கே கிடைக்கும் டிஓஐ எண்ணையோ (கட்டுரைகளுக்கான நிலையான இணைய அடையாள எண்) ஐஎஸ்பிஎன் எண்ணையோ (நூல்களுக்கான அடையாள எண்) கொண்டு இணையத் தரவுத்தளங்களில் விவரம் தேடுகிறது. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதில் படிப்பதற்கு எழுத்தே இல்லாததால் கோப்பின் பெயரைத் தலைப்பாக்கிவிட்டு நின்றுவிடுகிறது. அத்தகைய கோப்புகளுக்கு, 10 என்று தொடங்கி நடுவில் சாய்கோடு வரும் டிஓஐ எண்ணைக் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து நீங்களே எடுத்து, அடையாள எண் மூலம் சேர்க்கும் பெட்டியில் இடுங்கள்; பதிவு முழுமையாக வந்ததும் கோப்பை அதனுடன் இணைத்துவிடலாம். நூலானால் ஐஎஸ்பிஎன் போதும், 2007-க்கு முந்தைய 10 இலக்க எண்ணும் செல்லும். ஆனால் அந்த எண் முழு நூலையே கொண்டுவரும். தொகுப்பு நூலின் ஒரு கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுகிறீர்கள் என்றால், பதிவின் வகையை நூற்பகுதி என்று மாற்றி, தொகுப்பாசிரியரைத் தனியாகவும் கட்டுரையாசிரியரைத் தனியாகவும் குறிக்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாத பழைய நூல்களை மட்டும் கையால் உள்ளிடுங்கள்.

இனிச் சேர்ப்பவற்றுக்கு, இணைய உலாவியில் நிறுவிக்கொள்ளும் ஸோட்டெரோவின் துணைக்கருவியான உலாவி நீட்சியே நல்லது. தேடல் முடிவுப் பட்டியலிலிருந்து மொத்தமாக அள்ளாமல், கட்டுரையின் சொந்தப் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சேர்த்தாலும், பதிவு வந்த கையோடு ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். மென்பொருள் எதையும் சரிபார்ப்பதில்லை, யாரோ எங்கோ உள்ளிட்டதை நகலெடுக்கிறது. குறிப்பாக ஆசிரியர் கட்டத்தைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் அறிக்கை ஒன்றை நான் ஒருமுறை கவனிக்காமல் சேர்த்துவிட்டேன். அமைப்பின் பெயரை மனிதப் பெயராகப் பிரித்து, துணைநூற்பட்டியலில் ‘அமைப்பு, உ. சு.’ என்று அச்சாகி வந்தது. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டாக இருக்கும் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றியிருந்தால் அந்த வெட்கம் நேர்ந்திருக்காது. குடும்பப் பெயர் இல்லாத ஆசிரியர்களுக்கும் இதுவே வழி.

ஒரே கட்டுரை இருமுறை ஏறியிருந்தால் ஒன்றை நீக்காதீர்கள், இரண்டையும் இணையுங்கள். இணைத்தால் ஆய்வேட்டில் ஏற்கெனவே இட்ட மேற்கோள்கள் அந்தப் பதிவையே தொடர்ந்து சுட்டும். நீக்கினால் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே 400-ஐயும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் எண்ணம் இருந்தால், அவற்றில் எவையெல்லாம் உங்கள் இயல்களுக்குள் ஏறிவிட்டன என்று முதலில் பாருங்கள்.