தென்காசிக்குப் போகலாமா, வேணாமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்துல வாடகை வீட்டுல இருக்கோம். கணவருக்கு ஆபீஸ்ல வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க, தென்காசில அவங்க அம்மா தனியா இருக்காங்க, அங்கேயே போயிடலாம்ங்கறார். பொண்ணு நாலாங்கிளாஸ். சின்ன ஊருக்குப் போனா அவ எதிர்காலம் கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. நான் அக்கவுண்ட்ஸ் வேலைல இருக்கேன், அத விட்டுடலாம்னு சொல்றார். என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: தங்கச்சி, போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, அத கடைசில சொல்றேன்.

பொண்ண நினைச்சு பயப்படாதீங்க. நாலாங்கிளாஸ்ல ஊர் மாறுறது குழந்தைக்கு பெரிய பாரம் இல்ல, ஒன்பதாவதுல மாத்துனாதான் கஷ்டம், அதனால போறதுன்னா இந்த வருஷ பரீட்சை முடிஞ்சதும் போயிடுங்க. சின்ன ஊர்ல படிச்சா முன்னுக்கு வர முடியாதுங்கற காலம் போயிடுச்சு. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறைல 2011லயே ஜோஹோ ஆபீஸ் வந்துடுச்சு, சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைங்க வீட்டுச் சாப்பாட்ட சாப்பிட்டுட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போறாங்க.

அங்க உங்களுக்குக் கிடைக்கப்போற பெரிய சொத்து நேரம்தான். ஸ்கூல், மார்க்கெட், பேங்க், கோயில் எல்லாமே டூவீலர்ல கொஞ்ச தூரம்தான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சா அஞ்சேகாலுக்கு பொண்ணோட விஸ்வநாதர் கோயில் வாசல்ல நிக்கலாம், அந்த கோபுரத்துக்குக் கீழ அடிக்கிற காத்துக்காகவே தினம் வர்ற ஆளுங்க உண்டு. ஜூன்ல தென்மேற்குப் பருவமழை வந்துட்டா செங்கோட்டை கணவாய் வழியா ஊருக்குள்ளயே சாரல் விழும், குத்தாலத்துல தண்ணி விழுதான்னு பாத்துட்டு காலைல குளிச்சுட்டு வந்து லேப்டாப் முன்னாடி உக்காரலாம் (சனி ஞாயிறு மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க, வெளியூர் கார் வரிசை கட்டி நிக்கும்). பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்துலதான், காய் வாடாம வீட்டுக்கு வரும். வாடகையும் நல்லாவே குறையும்.

கடைக்காரருக்கு உங்க மாமனார் பேர் தெரியும், ஆட்டோக்காரருக்கு வீடு தெரியும். மாமியாருக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா நாலு வீட்டுல லைட் எரியும். அதே ஆளுங்கதான் நீங்க எங்க போறீங்க, ஏன் இன்னொரு குழந்தை இல்லன்னும் கேப்பாங்க, முதல் ஆறு மாசம் எரிச்சலா இருக்கும், பதில் சொல்லணும்னு அவசியமில்ல, சிரிச்சுட்டுப் போயிடுங்க.

குறையும் இருக்கு. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி ஊர்லயே இருக்கு, ஆனா பெரிய ஸ்பெஷலிஸ்ட்னா பல நேரம் திருநெல்வேலிக்குத்தான் போகணும், மாமியாருக்குத் தொடர்ந்து வைத்தியம் நடக்குதுன்னா அத முதல்ல விசாரிங்க. ஆபீஸ்ல திடீர்னு கூப்பிட்டா பொதிகை எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறினா காலைல சென்னை.

இப்ப அந்த விஷயத்துக்கு வர்றேன். கடிதம் முழுக்க கணவர், பொண்ணு, மாமியார். உங்க வேலை ஒரே ஒரு வரி, அதுவும் விடுறதப் பத்தி. எனக்கு மனசு கேக்கல. அவருக்கு சம்பளமும் குறையல, அலைச்சலும் மிச்சம், நீங்க மட்டும் வேலைய விட்டுட்டு மூணு வேளை சமையலும் மாமியார் கவனிப்புமா நின்னா அந்த ஊரோட நன்மை எல்லாம் அவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அவருக்குக் கிடைச்ச மாதிரி உங்களுக்கும் வீட்ல இருந்தே பாக்க முடியுமான்னு உங்க ஆபீஸ்ல வாய்விட்டுக் கேளுங்க. முடியாதுன்னா, தென்காசி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆன ஊர், வியாபாரம் நடக்கற ஊர், ஜிஎஸ்டி கணக்கு பாக்க நிறைய கடைக்கு ஆள் வேணும், ஆடிட்டர் ஆபீஸ்கள்ல விசாரிங்க. வேலை கைல கிடைச்ச பிறகு இங்க ராஜினாமா குடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

மாமியார் வீட்லயே தங்காம முதல் ஒரு வருஷம் அடுத்த தெருவுல வாடகைக்கு எடுங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா உக்காந்து வேலை பாக்க இடம் இருக்கணும், ஃபைபர் லைன் வருதான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.