எஃப்9 எப்ப தட்டணும்? பட்ஜெட் ஷீட் கேள்வி-பதில்

பிப்ரவரி வந்தா பெங்களூர்ல பாதி ஃபைனான்ஸ் ஆளுங்க பட்ஜெட் ஷீட்டும் கையுமாத்தான் அலையறாங்க, அதான் இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே கால்குலேஷன் பத்தி.

கேள்வி: ஒரு நம்பர் மாத்தினா எக்செல் 40 செகண்ட் சுத்துது சார். மேனுவல்ல போட்டுடலாமா? – ஒயிட்ஃபீல்டு

போடலாம், ஃபார்முலாஸ்ல கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போனா இருக்கு, அப்புறம் தானா கணக்கு போடாது, நீங்க எஃப்9 தட்டினாத்தான் போடும். ஆனா அதுக்கு முன்னாடி ஆஃப்செட், இன்டைரக்ட், டுடே மாதிரி ஃபங்ஷன் எல்லாம் எத்தனை இருக்குன்னு தேடுங்க. இதுங்க வாலடைல் ஜாதி, சம்பந்தமே இல்லாத ஒரு செல்ல மாத்தினாலும் இதுங்களும் இதுங்கள நம்பியிருக்கற அத்தனை ஃபார்முலாவும் திரும்ப கணக்கு போட ஆரம்பிச்சுடும். கோரமங்கலால ஒரு தம்பியோட ஹெட்கவுண்ட் (ஆள் கணக்கு) ஷீட் பாத்தேன், ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஒவ்வொரு மாசச் சம்பளமும் ஆஃப்செட்ல எடுத்திருந்தான். வாலடைல் இல்லாத இன்டெக்ஸா மாத்தினோம், மேனுவலே தேவைப்படல.

கேள்வி: என் ஃபைல் ஆட்டோமேட்டிக்லதான் இருந்துச்சு, திடீர்னு மேனுவல் ஆயிருக்கு. பேய் பிசாசா? – மாரத்தஹள்ளி

பேய் இல்ல, காலைல நீங்க முதல்ல திறந்த ஃபைல். இந்த செட்டிங் ஃபைலுக்குன்னு தனியா கிடையாது, எக்செல் முழுசுக்கும் ஒண்ணுதான், முதல்ல திறக்கற ஃபைல் மேனுவல்ல சேவ் ஆகியிருந்தா அப்புறம் திறக்கறதெல்லாம் மேனுவல், நீங்க சேவ் பண்ணி அனுப்பினா அடுத்தவனுக்கும் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கும். மேக்ரோவும் (எக்செல்ல தானா வேலை செய்யற குட்டி ப்ரோகிராம்) பண்ணும், வேகத்துக்காக மேனுவல் போட்டுட்டு நடுவுல எரர் அடிச்சு நின்னா, திரும்ப ஆட்டோ ஆக்கற வரிக்கு வரவே வராது.

நானும் பட்டிருக்கேன். ஆபீஸ் வாடகைய 18 லட்சத்துலேர்ந்து 21 லட்சமா மாத்தினேன், மொத்தம் பழசாவே நிக்குது, கீழ இடது ஓரத்துல 'கால்குலேட்'னு எழுதியிருந்தத பாக்காம மெயில் தட்டிட்டேன். மேனேஜர் போன் கால்குலேட்டர்ல கூட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினார் பாருங்க...

கேள்வி: டேட்டா டேபிள் போட்டதுலேர்ந்து ஆமை வேகம்.

டேட்டா டேபிள்ங்கறது நம்பர மாத்தி மாத்திப் போட்டா விடை என்ன ஆகும்னு காட்டற கட்டம், 5-க்கு 5 டேபிள்னா 25 தடவை மாடல ஓட்டிப் பாக்குது, வேற எப்படி இருக்கும்? டேட்டா டேபிள் தவிர மத்ததெல்லாம் ஆட்டோமேட்டிக்னு நடுவுல ஒரு ஆப்ஷன் இருக்கு, அது போதும்.

கேள்வி: அனாப்ளான்னு பட்ஜெட் சாஃப்ட்வேர் இருக்கே, அதுக்கு மாறினா இந்தத் தலைவலி போயிடுமா? – எலெக்ட்ரானிக் சிட்டி

தலைவலி வேற எடத்துக்கு மாறும். அங்க மேனுவல் பட்டனே கிடையாது, மாத்தினா அத நம்பியிருக்கறதெல்லாம் உடனே ஓடும், அதனால மாடல ஒழுங்கா கட்டணும். டிஎம்1னு இன்னொரு பட்ஜெட் சாஃப்ட்வேர் வேற மாதிரி, யாராவது கேட்டாத்தான் கணக்கு போடும், ஆனா ஃபீடர், அதாவது எந்த செல்லுல கணக்கு இருக்குன்னு அதுக்குச் சொல்ற வரி, விட்டுப்போச்சுன்னா கீழ நம்பர் இருக்கும், மொத்தம் ஜீரோ காட்டும். எஸ்பேஸ்னு இதே மாதிரி இன்னொண்ணு, அதுல ஸ்டோர் பண்ற மொத்தத்துக்கு கால்க் ஸ்க்ரிப்ட், அதாவது கணக்கு போடச் சொல்ற கட்டளைய, ஓட்டணும், அத மறந்துட்டு கத்தறவங்கதான் அதிகம்.

கேள்வி: எஃப்9 தட்டினா ஒண்ணுமே நடக்கல அண்ணா.

லேப்டாப்பா? எஃப்என் சேத்து அழுத்துப்பா. ஷிஃப்ட் எஃப்9 அந்த ஒரு ஷீட்டுக்கு மட்டும், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்9 மாறினது மாறாதது எல்லாத்தையும் போடும், அத தட்டிட்டு போய் ஒரு காபி குடிச்சுட்டு வா.