மனிதர்களுக்கே ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது விலங்குகளைப் பற்றிக் கவலைப்படுவது தேவையா?

இதே கேள்வியைக் கொஞ்சம் நக்கலாகவே கேட்டவன் நான். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "மனுஷனுக்கே வழியில்ல, இதுங்களுக்கு வேறயா?" என்றிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கும்போது அந்த நாய்களில் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றைக்கு ஒரு ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் ஒவ்வொன்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நர்ஸம்மா சொன்னார்: "ஊசிய விட்டுடாதீங்க தம்பி. அந்த நாய் உயிரோட இருக்கான்னும் பத்து நாளைக்குப் பாத்துக்கிட்டே இருங்க." கடிக்கும்போதே வெறிநோயைப் பரப்பும் நிலையில் இருந்த நாய் அனேகமாகப் பத்து நாளுக்குள் செத்துவிடுமாம்.

ஆக, பத்து நாளும் பால் பாக்கெட் எடுக்கும் சாக்கில் அதைத் தேடினேன். ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். வயிற்றைக் கலக்கிவிட்டது. டிரான்ஸ்பார்மர் அடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் காப்பியே இறங்கியது. ஒரு தெருநாய் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அதன் காதையும் கவனித்தேன். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விட்ட நாய்களுக்குக் காதில் ஒரு வெட்டு இருக்கும். இதற்கு இல்லை. இருந்திருந்தால் என் பயம் பாதியாகியிருக்கும். நாய்க்குப் போடும் அந்தத் தடுப்பூசியை நாயின் கணக்கில் எழுதுவதா, என் கணக்கிலா?

கொன்றால் தீராதா என்று கேட்கலாம். சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் கொன்றே பார்த்தது. கருத்தடை யோசனையை ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964லேயே சொல்லியும், மாநகராட்சி 1996ல்தான் அந்த வழிக்கு வந்தது.

பாறு கழுகு கதை இன்னும் மோசம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காரணம் தெரிந்தது 2004ல். மாடுகளுக்கு அதைத் தடை செய்தது 2006ல். அதற்குள் நாட்டில் பெரும்பாலான பாறுகள் போய்விட்டன. தின்ன ஆளில்லாத பிணங்கள் தண்ணீரில் அழுகின, நாய்களுக்குத் தீனியாயின. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் மனிதர்கள் இறந்திருப்பார்கள் என்று 2024ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாறு சாகிறதே என்று முதலில் கவலைப்பட்டவர்களிடமும் யாராவது உங்கள் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

விலங்குகளுக்கு ரொம்பத்தான் இடம் கொடுக்கிறோம் என்பவர்கள் 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தைப் பார்க்கலாம். முதல் தடவை கொடுமை செய்தால் அதில் அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

குழந்தையா நாயா என்று வந்தால் குழந்தைதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சோறு மட்டும் வைத்துவிட்டு, ஊசிக்குப் பிடித்துக் கொடுக்கக் கூப்பிட்டால் கதவைச் சாத்துகிறவர்கள் மேல் இன்னும் எரிச்சல் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா அந்த ரகம் இல்லை. நாய் பிடிக்க ஆள் வந்த அன்று, எங்களிடமெல்லாம் பல்லைக் காட்டியது அவர் "மணி" என்றதும் வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது.

இப்போது அதன் காதில் வெட்டு இருக்கிறது. என்னைக் கண்டால் இன்னமும் குரைக்கிறது.